புளி போடாத காசு

மூக்குத்திமலைத் தோட்டத்தில் கஜேந்திரனிடம் மார்க் வாங்காதது எதுவும் இல்லை. புதிதாக வந்த துரையின் ஜீப், கடை முதலாளியின் பல்செட்டு, கோயில் தேருக்கு அடித்த வர்ணம் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் எழுபதுக்கு இத்தனை என்று சொல்லிவிடுவார். நூற்றுக்கு இல்லை, எழுபதுக்கு. அதென்ன எழுபது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் அன்றைக்கு ஒரு வேலையும் பார்க்க முடியாது.

காசு சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க அப்படித்தான் மார்க் போடுகிறார்களாம். எழுபது என்றால் அச்சிலிருந்து விழுந்தபடியே இருக்கிற காசு. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் குறை சொல்ல முடியாது. அறுபதும் அதற்கு மேலும் என்றால் யார் கையிலும் புழங்காதது. ஐம்பத்தெட்டு என்றால் சில நாள் ஒரு சட்டைப் பையில் இருந்துவிட்டு வந்தது. காசில் இருக்கும் ராணித் தலையில் காதுக்கு மேலே முடி லேசாகத் தேய்ந்திருக்கும். அப்படியே இறங்கி நாலுக்கு வந்தால் எல்லாம் மழுங்கி, ஆள் யார் என்று மட்டும் தெரியும். அந்த நாலு மார்க் காசுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நல்லது’. இதைச் சொல்லும்போது கஜேந்திரனுக்கே சிரிப்பு வந்துவிடும். “இந்தத் தொழில்ல நல்லதுன்னா குப்பைன்னு அர்த்தங்க. வெள்ளக்காரன் மரியாதையாத் திட்டுறான்” என்பார்.

பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் காளியாயி அக்கா வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் மார்க் போட்டார். “தள்ளி நின்னு பாத்தா அறுவத்திமூணு. கிட்டப் போனா ஐம்பத்தெட்டுதான். நெத்திப் பக்கம் தேய்மானம் இருக்கு.” பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னது. மாப்பிள்ளையின் மாமா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கஜேந்திரனின் இலைக்குப் பாயசம் வரவே இல்லை.

மனைவி ஜீவராணிக்கும் ஒருமுறை போட்டிருக்கிறார். அறுபத்திமூன்று. மனசாரத்தான் போட்டார். “மிச்சம் ஏழு எங்க போச்சு?” என்று அவள் கேட்டாள். அதோடு பேச்சை மாற்றியிருந்தால் தப்பித்திருக்கலாம். மனுஷன் ஒன்று, இரண்டு என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதன்பின் ஒரு வாரம் அவருக்கு வெறும் ரொட்டியும் பச்சை மிளகாயும்தான்.

இப்படித் தரம் பிரிக்கிற புத்தி அவருக்குத் தொழிலிலிருந்து வந்தது. ஸ்டோர் என்று அங்கே சொல்லப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடமாகச் சல்லடைப் பக்கம்தான் வேலை. காய்ந்து வந்த தூளைச் சலித்து, பெரிசு, நடுத்தரம், பொடி என்று பிரிக்க வேண்டும். நல்ல தூளின் மேல் இயற்கையாக ஒரு கருமினுக்கு இருக்கும். அளவுக்கு மீறிச் சலித்தால், தூளும் தூளும் உரசி அது போய்விடும், நிறம் சாம்பலாகிவிடும். யாராவது கொஞ்சம் கூடுதலாகச் சலித்தால் போதும், கஜேந்திரன் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்துவார். “தேய்க்காதீங்கய்யா! தேய்ச்சா மினுக்கு போயிரும்! போனா வராது!” இந்த வார்த்தையை இவர் ஒரு லட்சம் தடவையாவது சொல்லியிருப்பார். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அவருடைய பொக்கிஷம் ஒரு பிஸ்கட் டின். அதில் முப்பது நாற்பது காசு. அவற்றுக்கெல்லாம் ராஜா, விக்டோரியா ராணி தலை போட்ட ஒரு சதக் காசு. 1870-ஆம் வருடத்துச் செம்பு. பின்பக்கம் ஒரு தாளிப்பனை மரம். பதினாலு வருடத்துக்கு முன்னால் பழைய துரை பங்களாவின் பலகைத் தரையைப் பெயர்த்தபோது, மெழுகு வைத்து மூடிய ஒரு சீசா கிடைத்தது. உள்ளே காகிதத்தில் சுற்றிய செம்புக் காசுகள். தச்சு வேலைக்காரரிடம் தன் புதுக் குடையைக் கொடுத்து இரண்டு காசு வாங்கினார் கஜேந்திரன். ஒரே வருடம், ஒரே அச்சு, இரட்டைப் பிள்ளை மாதிரி. ஆனி மாத மழையில் பங்களாவிலிருந்து லயத்து வீடு வரை நனைந்தே வந்தார். மூன்று நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டு எழுந்து பார்த்தால் அந்த இரண்டில் ஒரு காசுதான் இருந்தது.

அந்த மூன்று நாளில் வீட்டுக்கு வந்துபோன வெளியாள், ஜீவராணியின் தம்பி கிஷாந்த் ஒருவன்தான். ராகலையில் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். அத்தானைப் பார்க்க ஒரு மூட்டை முட்டைக்கோவாவோடு வந்திருந்தான். போதாதா? அன்றிலிருந்து கிஷாந்த் வந்து போனால், அவன் படி இறங்கும் முன்பே டின்னைத் திறந்து எண்ணுவார் கஜேந்திரன். வாய் திறந்து திருடன் என்று சொன்னதில்லை. எண்ணுகிற சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்கும்.

மிஞ்சிய காசை அவர் பார்த்துக்கொண்ட அழகை என்னவென்று சொல்வது! தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஜீவராணி குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்குவாள். பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவள் கையிலிருந்து ஒரு உருண்டை புளி வாங்கி, ராணியின் முகத்தைத் தேய்தேயென்று தேய்ப்பார். கடைசியில் எலுமிச்சங்காய்ச் சாறு ஒரு சொட்டு. காசு பளபளவென்று வரும். அவர் முகமும் வரும். சாமி விளக்கையே விளக்கித்தானே ஏற்றுகிறோம், ராணியை அழுக்காக வைத்திருப்பது மரியாதையா என்பது அவர் கட்சி. மார்க் போடும் வித்தையை அவர் கற்றது கைப்பேசி வீடியோவில். பேச்சு ஆங்கிலம், படமும் நம்பரும் மட்டும் விளங்கும். ஒரு வீடியோவில் ஒருவன் பழங்காசைத் தேய்த்துக் காட்டினான். பார்த்துக்கொண்டிருந்த கிழவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று கஜேந்திரன் நினைத்துக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் அட்டனில் கண்காட்சி என்று செய்தி வந்தது. நாணயம் சேர்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்துவது. மலைநாட்டில் கிடைத்த பழங்காசுகளுக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி. அறுபதும் அதற்கு மேலும் மார்க் வாங்கிய காசுக்குத்தான் அதில் இடம். ஒவ்வொரு காசுக்குக் கீழேயும் ஓர் அட்டை. அட்டையில் காசின் வருடம், மார்க், உரிமையாளர் பெயர், எல்லாம் அச்செழுத்தில்.

அந்தக் கடைசி விஷயம்தான் கஜேந்திரனைப் பிடித்துக்கொண்டது. இருபத்தேழு வருடமாக அவர் தோட்டத்துக்கு 212. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிடுவது 212. சம்பளச் சீட்டில் கொட்டை எழுத்தில் 212. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மை படாமல் ஏதோ ஒரு புழு ஊர்ந்திருக்கும். கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சுக்காரர் ‘ராஜேந்திரன்’ என்று போட்டுவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் மனுஷனுக்கு ஒரே ஒரு ஆசை: தன் பெயர் ஒழுங்காக அச்சாகி, நாலு பேர் குனிந்து படிக்க வேண்டும். அதை ஜீவராணியிடம் கூச்சத்தோடு சொன்னார். “இராமையா கஜேந்திரன்னு முழுசாப் போடச் சொல்லணும் புள்ள.” அவள் கீரை ஆய்ந்துகொண்டே, “போடுவாங்க, போடுவாங்க. மொதல்ல காசு பாஸாகட்டும்” என்றாள்.

மார்க் போடுகிறவர் துரைராசா. யாழ்ப்பாணத்திலிருந்து அட்டனுக்குக் கணக்குப் படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பிறகும் குளிருக்குப் பழகி அங்கேயே தங்கிவிட்டவர். அவரிடம் படித்த பிள்ளைகள் சொல்வார்கள், சேர் தன் கையெழுத்துக்கே முழு மார்க் கொடுக்க மாட்டார் என்று. கஜேந்திரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வட்டகொடையில் ரயிலேறி அட்டன் போய் இறங்கினார். அயர்ன் பண்ணின சட்டை, நெற்றியில் திருநீறு, பையில் ராணி.

துரைராசா மேசை விளக்கைப் போட்டு, கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். கஜேந்திரன் கட்டைவிரலால் ராணியின் கன்னத்தை அழுத்திப் பிடித்து எடுத்து நீட்டினார்.

“விளிம்பிலை பிடியும் ஐசே, விளிம்பிலை!”

வாங்கிப் பார்த்தார். பத்து வினாடிகூட ஆகவில்லை.

“ஆர் உதை மினுக்கினது?”

“நாந்தாங்க சேர்” என்றார் கஜேந்திரன், அடக்கமாக. “நல்லா வந்திருக்குங்களா?”

“என்னத்தாலை மினுக்கினீர்?”

“புளியும் சாம்பலுங்க. கடைசில ஒரு சொட்டு எலுமிச்சங்கா.”

“எத்தினை தரம்?”

“வருசத்துக்கு ரெண்டு வாட்டிங்க. தீவாளிக்கு ஒன்னு, பொங்கலுக்கு ஒன்னு. பதினாலு வருசமா ஒரு வாட்டிகூட விட்டதில்லீங்க.”

“இருவத்தெட்டுத் தரம்” என்றார் துரைராசா. கணக்கு வாத்தியார் அல்லவா. பிறகு காசை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். வீடியோவில் அந்தக் கிழவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது கஜேந்திரனுக்கு அப்போது லேசாகப் பிடிபட ஆரம்பித்தது.

“இதுக்கு நம்பர் இல்லை.”

“சின்ன நம்பராப் பாத்து ஒன்னு…”

“சின்ன நம்பரும் இல்லை. தேய்ஞ்ச காசுக்கு நம்பர் இருக்கு. நாலு இருக்கு, எட்டு இருக்கு. பாவம், அது உழைச்சுத் தேய்ஞ்ச காசு. மினுக்கின காசுக்கு நம்பரே குடுக்கேலாது. ‘மினுக்கினது’ எண்டு எழுதிப்போட்டு விடுறதுதான்.”

துரைராசாவுக்கே பாவமாகிவிட்டது போலும். குரலைத் தணித்துக்கொண்டு காசை விளக்குக்குக் கீழே சாய்த்துக் காட்டினார். புழங்காத செம்பு தன் மேலே தானாகவே மெல்ல ஒரு பழுப்புத் தோல் போர்த்துக்கொள்ளுமாம். அதற்கு அடியில் அச்சடித்த அன்றைய ஒளி இருக்கும்; சாய்த்தால் அந்த வெளிச்சம் காசைச் சுற்றி ஓடும். இந்தக் காசில் வெளிச்சம் ஓடவில்லை. எப்படிச் சாய்த்தாலும் பல் தேய்த்த மாதிரி ஒரே இளிப்பு.

“நீர் ஸ்டோரிலை தேயிலை சலிக்கிறனீர் தானே? அளவுக்கு மிஞ்சிச் சலிச்சா என்ன நடக்கும்?”

“மினுக்கு போயிரும் சேர்” என்றார் கஜேந்திரன் பழக்க தோஷத்தில். “போனா வராது.” சொன்ன வாய் திறந்தபடியே நின்றது. இருபத்தேழு வருடம் ஊருக்கெல்லாம் கத்தியது அப்போதுதான் முதல் தடவையாக அவர் காதிலேயே விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜீவராணி கேட்டாள். “எத்தன மார்க்கு?”

“நம்பரே இல்லயாம்.”

“நாலுகூடவா?”

“நாலுகூட இல்ல.”

அவளுக்கும் அந்த எழுபது கணக்கு இத்தனை வருடத்தில் தலைகீழ்ப் பாடம். பிளேன்டீ போட்டு, கூடவே ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தாள்.

மறுநாளிலிருந்து கஜேந்திரன் மார்க் போடுவதை நிறுத்திவிட்டார். டின்னைத் திறக்கவில்லை. வீடியோ பார்க்கவில்லை. ஸ்டோரில் ஒருவர் புதுச்சட்டை போட்டு வந்து, “அண்ணே, எத்தன?” என்று கேட்டதற்கு, “நல்லாருக்கு” என்றார். இவருடைய அகராதியில் நல்லது என்றால் என்னவென்று தெரிந்த அந்த ஆள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காளியாயி அக்காவே வாசலில் நின்று, “என்னா ஜீவராணி, ஒங்க வீட்டுக்காரருக்கு ஒடம்புக்கு முடியலயா? எங்க கத்திரிக்காக் கொழம்புக்கு ஒன்னுமே சொல்லல?” என்று விசாரித்தாள்.

இதையெல்லாம் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள் ஜீவராணி. ஏனென்றால் அவள் அம்மனிடம் கேட்டது இதைத்தான்.

பதினாலு வருடத்துக்கு முன் அந்தக் காய்ச்சலில், உடம்பு அனலாகக் கொதிக்கும்போதும் கஜேந்திரன் இரண்டு காசையும் கையில் வைத்துத் தடவிக்கொண்டு, “அறுவத்தஞ்சு, அறுவத்தஞ்சு” என்று பிதற்றிக்கொண்டிருந்தார். குடையையும் கொடுத்து, உடம்பையும் கெடுத்துக்கொண்ட மனுஷனைப் பார்த்து அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் கை தளர்ந்த நேரம் ஒரு காசை உருவினாள். மஞ்சள் துணியில் முடிந்து, சாமித்தட்டில் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். “தாயே, இந்தக் காசுப் பைத்தியம் இவர விட்டுப் போகணும். போனா இந்தக் காச ஒன் உண்டியல்ல போடுறேன்.” பைத்தியம் போகவில்லை. ஆகவே காசும் போகவில்லை. வேண்டுதல் முடிச்சை நடுவில் அவிழ்க்கக் கூடாது என்பதால் அவளும் தொடவில்லை. படத்துக்கு முன்னால் தினம் எரிந்த விளக்கின் சூட்டில், மலைநாட்டு ஈரம் அண்டாமல், அது பாட்டுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் முடிச்சைக் கையில் எடுத்தாள். வேண்டுதல் பலித்துவிட்டது. நியாயப்படி நேராகக் கோயிலுக்குப் போய் உண்டியலில் போட வேண்டும். வாசலில் கஜேந்திரன் உட்கார்ந்திருந்தார். எதிரே மலையில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது; வழக்கமாக அதற்கும் ஒரு மார்க் சொல்லுவார். ஒன்றும் சொல்லவில்லை. பைத்தியம் தெளிந்த புருஷன் இப்படித்தான் இருப்பான் என்று தெரிந்திருந்தால் அவள் வேண்டியே இருக்க மாட்டாள்.

“இந்தாங்க” என்றாள். “காணாமப் போன அந்த இன்னொரு காசு. அது எங்கிட்டதான் இருக்கு.”

அவள் முழுக்கதையும் சொல்லி முடிக்கும்வரை கஜேந்திரன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டது இதுதான்: “அப்ப கிஷாந்து?”

“அவன் எடுக்கல.”

“பதினாலு வருசமா அவன் வந்துட்டுப் போனா எண்ணிப் பாத்தேனே புள்ள! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சின்ன வயசுல எங்கம்மா முடிஞ்சு வச்ச சீட்டுக் காச எடுத்துட்டு ஓடினவன்தானே. அதுக்கு இது சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன்.”

கஜேந்திரனுக்குக் கை பரபரத்தது. முடிச்சுக்குள் இருப்பது புளி படாத காசு. பதினாலு வருடம் அவர் கையே படாத காசு. ஆனால் அவிழ்க்கலாமா? அவருடைய பைத்தியம் தெளிந்துவிட்டதென்றால் அது அம்மன் சொத்து. தெளியவில்லையென்றால் வேண்டுதல் இன்னும் நிற்கிறது. அம்மனிடம் உத்தரவு கேட்டு அவிழ்த்து, திரும்பக் கட்டி வைக்கலாம். ஆக, தான் பைத்தியமா இல்லையா என்று அவருக்கு அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை கோயிலில் பூக் கட்டிப் பார்த்தார்கள். ஒரு பொட்டணத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. சிவப்பு வந்தால் தெளிந்துவிட்டது, காசு உண்டியலுக்கு. வெள்ளை வந்தால் தெளியவில்லை, காசு அட்டனுக்கு. வெற்றிலையில் பூவை மடித்துக் கட்டியவள் ஜீவராணி. பூசாரி இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். காளியாயி அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். கஜேந்திரன் கைகூப்பி நின்று, தான் பைத்தியமாகவே இருக்க வேண்டும் என்று மனமுருகி வேண்டினார். அந்தக் கோயிலில் அப்படி யாரும் இதுவரை வேண்டியிருக்க மாட்டார்கள்.

பிரித்தால் வெள்ளை.

“அம்மா சொல்லிருச்சு” என்றார் பூசாரி. “இன்னும் தெளியல.”

“ரொம்ப நன்றிங்க” என்றார் கஜேந்திரன், கண்ணில் நீரோடு. யார் காலிலும் மிதிபடக் கூடாது என்று ஜீவராணி மற்றப் பொட்டணத்தை உடனே எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அட்டன் போனார்கள். துரைராசா வீட்டு முன்னறையில் மதுரா உட்கார்ந்து கணினியில் அட்டைகளுக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தாள். கண்காட்சியின் செயலாளர், துரைராசாவின் பழைய மாணவி. ஜீவராணி சாமிக்குச் செய்வதுபோல் தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். காசை அவளும் தொடவில்லை, கஜேந்திரனும் தொடவில்லை. துணியோடு மேசையில் வைத்தார்கள்.

துரைராசா விளிம்பில் பிடித்து எடுத்தார். விளக்கில் சாய்த்தார். வெளிச்சம் ராணியின் கழுத்திலிருந்து கிளம்பி, கொண்டையைச் சுற்றி, எழுத்துக்களின் மேல் ஓடித் திரும்பவும் கழுத்துக்கு வந்தது. முகம் பழுப்பு, எழுத்துக்களின் இடுக்கில் இன்னும் செம்பின் பழைய சிவப்பு, பனைமரத்து ஓலை நுனியில், புறாக் கழுத்தில் தெரிகிற மாதிரி ஒரு ஊதா. பத்து வினாடி ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. சுவர்க் கடிகாரம் அடித்ததுகூட அவருக்குக் கேட்டிருக்காது.

“காதுக்கு மேலை தலைமயிர் ஒவ்வொண்டா எண்ணலாம்” என்றார் கடைசியில். “அச்சு வடிவா விழுந்திருக்கு. கீறல் இல்லை. அறுவத்தைஞ்சு. ஆனா மார்க் எண்டது தேய்மானத்துக்கு மட்டுமில்லை, பார்வைக்கும் இருக்கு. பார்க்கிற கண் திரும்பவும் பார்க்கக் கேக்குதோ எண்டதுக்கு. அதுக்கு இன்னுமொண்டு. அறுவத்தாறு.” திருப்பிப் பார்த்தார். “விளிம்பிலை ஒரு மஞ்சள் பொட்டுக் கிடக்கு. அதுக்கு ஒண்டு குறைக்க வேணும்.”

“அது அம்மன் மஞ்சளுங்க” என்றாள் ஜீவராணி. “அதுக்கெல்லாம் குறைக்கக் கூடாது.”

வாழ்க்கையில் யாருக்கும் மார்க்கைத் திருத்தாத துரைராசா, அவளை ஒரு தரம் பார்த்தார். “சரி, குறைக்கேல்லை. ஆர் பிள்ளை உதைப் பாதுகாத்தது?”

“பாதுகாக்கவெல்லாம் இல்லீங்க. தொடாம இருந்தேன், அவ்வளவுதான்.”

“அதுதான் பிள்ளை பாதுகாக்கிறது.”

காசைப் பெட்டிக்குக் கொண்டுபோக மெத்தென்று ஏதாவது வேண்டும் என்றார் துரைராசா. “என் பையில மொகம் தொடைக்கிற லேஞ்சி இருக்கு, எடுங்க” என்றாள் ஜீவராணி. கஜேந்திரன் கையை விட்டார். லேஞ்சிக்குக் கீழே வாடிய வெற்றிலைப் பொட்டணம் ஒன்று விரலில் இடறியது. கோயிலில் மிஞ்சியது. நூல் தளர்ந்து பாதி திறந்திருந்தது. உள்ளே இருந்த பூவும் வெள்ளை.

அவர் அதைப் பார்த்தார். தேரடியில் கல் தடுக்கினால்கூட அம்மன் குத்தம் என்று கற்பூரம் ஏற்றுகிறவள் ஜீவராணி. அப்படிப்பட்டவள் அம்மன் காலடியிலேயே கள்ளப் பூ வைத்திருக்கிறாள். அவர் பைத்தியமாகவே இருக்கட்டும் என்று. பொட்டணத்தைச் சத்தமில்லாமல் மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

“உரிமையாளர் பேர்?” என்று கேட்டாள் மதுரா, விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு.

இந்தக் கேள்விக்கான பதிலை அவர் ரயிலில் பதினைந்து தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். ராஜேந்திரன் இல்லைங்க, கஜேந்திரன், ‘க’னா போட்டு. எல்லாம் தயார். ஜீவராணி மஞ்சள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தேயிலைக் கொழுந்து பறித்து, காம்பு கீறிக் கீறிக் கறுத்த விரல். அவளும் இருபத்தைந்து வருடமாகப் பெரட்டில் 347. ஒரு நாளும் அவள் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை. அதனாலேயே அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அது நினைவு வந்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

“ஜீவராணி” என்றார்.

ஜீவராணி நிமிர்ந்து பார்த்தாள். “என்னாங்க, ஒங்க பேரச் சொல்லுங்க!”

“காசு ஒன்னோடது. நான் வச்சிருந்தா இது இருவத்தெட்டு வாட்டி புளி தின்னிருக்கும்.”

“முதலெழுத்து?” என்றாள் மதுரா.

இதற்கு அவர் பதில் தயார் செய்யவில்லை. ஜீவராணி முந்திக்கொண்டாள். “க போடுங்க. இவரு பேரு.”

இப்படியாக, கண்காட்சியின் கண்ணாடிப் பெட்டியில், 66 என்ற எண்ணுக்குக் கீழே, அச்செழுத்தில் ‘க. ஜீவராணி, மூக்குத்திமலைத் தோட்டம்’ என்று வந்தது. கண்காட்சி முடியும்வரை கஜேந்திரன் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து அசையவில்லை. குனிந்து படித்தவர்களிடமெல்லாம், “அந்த மொத எழுத்து நாந்தாங்க” என்றார். “ஒரு எழுத்துதான். ஆனா பாருங்க, தேய்மானமே இல்ல.” ராகலையிலிருந்து கிஷாந்த் வந்திருந்தான். அவனைக் கட்டிப் பிடித்து, “மச்சான், இனிமே எண்ண மாட்டேன்” என்றார். எதற்கு மன்னிப்பு என்றே கேட்காமல் அவனும் கட்டிக்கொண்டான். சீட்டுக் காசை நினைத்துக்கொண்டானோ என்னவோ.

ஜீவராணி முதலில் ஓரமாகத்தான் நின்றாள். மத்தியானத்துக்குள் பெட்டிக்கு முன்னால் வந்துவிட்டாள். “கண்ணாடில கைய வைக்காதீங்க தம்பி. காதுக்கு மேல முடியப் பாருங்க. இந்தப் பக்கம் சாஞ்சு பாருங்க, வெளிச்சம் ஓடும்.” பக்கத்துக் காசைப் பார்த்து, “இது அறுவத்தொன்னுக்கு மேல தேறாது” என்று சொன்னதைத் துரைராசாவே கேட்டார். அட்டையில் அறுபத்தொன்று என்றுதான் இருந்தது.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம், ராணிக்காசை மஞ்சள் துணியில் திரும்ப முடிந்து படத்துக்குப் பின்னால் வைத்தாள். பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்து, புளி தின்ற அந்த இன்னொரு காசை எடுத்தாள். புது மஞ்சள் துணி ஒன்றையும் கிழித்தாள்.

“இது என்னா வேண்டுதல்?” என்றார் கஜேந்திரன்.

“ரெண்டு இருக்கு. அம்மனுக்குக் கள்ளப் பூ வச்சதுக்கு மன்னிப்பு ஒன்னு.”

“ம். பையில பாத்தேன்.”

“பாத்தீங்கன்னு தெரியும். இல்லாட்டி என் பேரையா சொல்லியிருப்பீங்க?”

“ரெண்டாவது?”

“ஒங்களுக்கு வந்த இந்தப் பைத்தியம் எனக்கு ஒட்டிக்கக் கூடாது.”

சொல்லிக்கொண்டே, நம்பர் இல்லாத அந்தக் காசைத் துணியில் வைக்கத் தூக்கினாள். விளக்குக்கு நேரே ஒரு தரம் சாய்த்துப் பார்த்துக்கொண்டாள். இரண்டு விரலால் விளிம்பில்தான் பிடித்திருந்தாள். இந்த வேண்டுதல் பலிக்கப் போவதில்லை என்று கஜேந்திரனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.